கப்பல் காசில் வந்த இயந்திரம்

போன கிழமை சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு மட்டைப் பெட்டி, சுற்றிவரத் துளைகள். நாவற்குழிப் பாலத்தில் பஸ் ஏறி இறங்கியபோது பெட்டி கீச்சிடத் தொடங்கியது. கூடவே அந்த மணமும் வந்தது. பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சின் மணத்தை, அறியாதவருக்கு விளங்கப்படுத்துவது கடினம். வெயிலில் காய்ந்த பஞ்சும் முட்டைக் கோதும் இளஞ்சூடும் சேர்ந்த ஒரு மணம். பஸ்சில் இருந்த மற்றவர்களுக்கு அது கோழி மணம். எனக்கு அது கடன் விண்ணப்பத்தின் மணம்.

சிரிக்காதீர்கள். அரச வங்கியொன்றின் கடன் பகுதியில் தலை நரைத்தவனுக்கு உலகத்துப் பொருட்கள் எல்லாம் கோப்புகளாகத்தான் தெரியும். வெங்காயத்தைக் கண்டால் பயிர்க்கடன். பசுமாட்டைக் கண்டால் அதன் காதில் காப்புறுதித் தகடு இருக்கிறதா என்றுதான் கண் முதலில் போகும். ஒருமுறை கலியாண வீட்டில் நாதஸ்வரம் உச்சத்தில் ஒலித்தபோது, அந்தக் கருவியை ஈடாக ஏற்றுக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சையுமோ?" என்றாள்.

வங்கியில் நாங்கள் "இல்லை" என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. அது நாகரிகக் குறைவு. "இன்னும் ஒரு பத்திரம் குறையுது" என்போம். மனிதர் போய் அந்தப் பத்திரத்தோடு வருவார். அதற்குள் அவர் முதலில் தந்த பத்திரம் காலாவதியாகியிருக்கும். இப்படி ஒருவரை ஒரு வருடம் வரை மரியாதையாக நடத்தலாம். கடைசியில் அவரே அலுத்துப்போய், "பரவாயில்லை ஐயா, உங்களுக்குக் கரைச்சல் தந்திட்டன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். இந்தக் கலையில் நான் வல்லவன் என்று என் மேலதிகாரிகள் எழுத்திலேயே பாராட்டியிருக்கிறார்கள். ஆனாலும் என்னை மனேச்சராக்கவில்லை. உதவி மனேச்சராகவே வெளியே வந்தேன்.

நான் வெளியே வந்த காலம் விசித்திரமானது. சண்டை முடிந்து, ஏ-ஒன்பது வீதி திறந்து, அந்த வீதி வழியாகக் கொழும்பிலிருந்து ஐஸ்கிரீமுக்கு அடுத்தபடியாக வந்திறங்கியவை வங்கிகளும் லீசிங் கம்பனிகளும்தான். யாழ்ப்பாணத்தில் பல் மருத்துவரைத் தேட வேண்டும். கடன் தருபவரைத் தேட வேண்டியதில்லை. குடையில் கடன், தொப்பியில் கடன், கலண்டரில் பிள்ளையாருக்குக் கீழே கடன். போதாததற்குப் பயிற்சிப் பட்டறைகள். ஏதாவதொரு மண்டபத்தில் ஒருவர் நின்று, "உங்களுக்குள் ஒரு தொழிலதிபர் உறங்குகிறார்" என்பார். மத்தியானம் சோற்றுப் பார்சல் தருவார்கள். அதைச் சாப்பிட்டதும் அந்தத் தொழிலதிபர் மட்டுமல்ல, மண்டபமே உறங்கும். பின்னேரம் சான்றிதழ்.

அரியாலையில் இருபுறமும் வீடுகள் உள்ள எங்கள் ஒழுங்கையில் எனக்கு அடுத்த வளவுக் குகனிடம் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் ஆறு இருந்தன. எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டியிருந்தான். வயரிங் வேலை செய்பவன். அப்போது வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மனைவி மலர். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். குகனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான்: கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும். எண்ணத்தில் பிழையில்லை. மீளக் குடியேறிய சனம் எல்லாம் வளவில் நாலு கோழி வளர்க்க ஆசைப்பட்ட காலம் அது. குஞ்சுகளோ தெற்கிலிருந்து இரவு பஸ்சில் வரும். வந்து சேரும்போது அரைவாசி செத்திருக்கும். இங்கேயே பொரித்தால் வாங்க ஆளிருந்தது.

ஒருநாள் காலையில் மலர் தனியே என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஐயா, நீங்கள் பாங்கில இருந்தனீங்கள். இவருக்கு ஒரு லோன் எடுத்துக் குடுங்கோ. இல்லாட்டில் இவர் கப்பலில ஏறிப்போடுவார்."

அப்போது அவுஸ்திரேலியாவுக்குக் கள்ளக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் என்பது மரியாதைக்குச் சொல்வது. மீன்பிடி வள்ளம். தெருமுனையில் ஆள் பிடிக்கிற ஒருவனிடம் குகன் பெயர் கொடுத்துவிட்டான். தை பிறப்பதற்குள் கடன் கிடைத்தால் இருப்பது, கிடைக்காவிட்டால் போவது என்பது அவன் முடிவு. மலரோடு ஒன்றாகப் படித்தவளின் கணவன் முந்தின வருடம் அப்படிப் போனவன். போனவன் போனவன்தான். அவனுடைய தாய் இன்னும் ரெலிபோனைச் சாமியறையில் வைத்திருக்கிறா என்று மலர் சொன்னாள்.

எனக்கு உள்ளூரச் சந்தோசம் என்பதை மறைப்பானேன். ஓய்வு பெற்று ஐந்தாறு மாதம் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு மீண்டும் ஒரு கோப்பு. மூன்று நாள் இருந்து திட்ட அறிக்கை எழுதினேன். அதன் தலைப்பே ஒரு முழு வரி வரும். முட்டை விலை, மின்கட்டணம், பத்து முட்டைக்கு இரண்டு கூழாகும் நட்டம் எல்லாம் கணக்கில் இருந்தன. என் மனைவி வாசித்துவிட்டு, "கோழி வாசிச்சால் தானே வெக்கப்படும்" என்றாள்.

பழைய இடத்துக்கே போனோம். என் கதிரையில் ஒரு இளம்பிள்ளை இருந்தார். என்னை "சேர்" என்று எழுந்து வரவேற்றார். அறிக்கையைப் புரட்டிப் புரட்டி மெச்சினார். பிறகு, "தொழில் தொடங்கி ரண்டு வருசக் கணக்கு வேணும் சேர்" என்றார்.

"தம்பி, தொழில் தொடங்கத்தானே கடன் கேக்கிறம்."

"ஓம் சேர். அதுக்கு ரண்டு வருசக் கணக்கு வேணும்."

நான் வாதாடவில்லை. அந்தச் சுற்றறிக்கை கிளைக்கு வந்தபோது அதை வரிக்கு வரி விளக்கி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியவன் நான்தான்.

வேறொரு வங்கியில் இரண்டு அரசாங்க உத்தியோகத்தரைப் பிணைக்குக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தர் மழைக்காலத் தவளை மாதிரி, எங்கும் சத்தம் கேட்கும். பிணை என்றால் ஒன்றும் கண்ணில் படாது. ஒழுங்கையில் எங்களைக் கண்டதும் ஒரு பாடசாலை அதிபர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன வேகத்தை அந்த வயதில் நான் எதிர்பார்க்கவில்லை.

காணியை ஈடு வைக்கலாம் என்று பார்த்தால், அது மலரின் சீதனக் காணி. தேசவழமைச் சட்டப்படி அவள் தன் காணியை ஈடு வைக்கக் கணவனின் சம்மதம் வேண்டும். அது இருக்கிறது, பக்கத்திலேயே நிற்கிறான். ஆனால் காணி இன்னும் பிரிக்கப்படாத பங்கு. மற்றப் பங்குக்காரர் மலரின் தமையன், பிரான்சில். அவர் தூதரகத்துக்குப் போய் ஒரு கையெழுத்து வைத்தால் அலுவல் முடிந்தது. ஆனால் அவருக்கு அங்கே இருப்பதற்கே பத்திரம் இல்லை. தூதரகம் இருக்கும் தெருவாலேயே அவர் போவதில்லையாம்.

கடைசியாக ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். அங்கே இருந்த பெண் மலரை அன்பாக விசாரித்தாள்.

"கணவர் இருக்கிறாரோ அக்கா?"

"இருக்கிறார்."

"அப்ப ஏலாதக்கா. இது பெண் தலைமைக் குடும்பங்களுக்கு மட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்கு வெளியில போற எண்ணம் ஏதும் இருக்குதோ? போனாப்பிறகு ஒருக்கா வாங்கோ" என்றாள். கெட்ட பிள்ளையில்லை. உதவி செய்ய நினைத்துத்தான் சொன்னாள்.

மார்கழி பிறந்துவிட்டது. மிஞ்சியிருந்தது கனகசபை மாமா. மலரின் தாய்மாமன், தாய் தகப்பன் இல்லாத மலரை வளர்த்து, கலியாணம் செய்து கொடுத்தவர். பட்டணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஒழுங்கை முகப்பில் மேல்மாடி வீடு. நான் ஒருபோதும் ஆகாத பதவியால் என்னைக் கூப்பிடுவது அவருடைய பொழுதுபோக்கு.

"என்ன மனேச்சர், பென்சன் எடுத்தும் ஆள் பிடிக்கிறீர் போல" என்றார், நாங்கள் மூவரும் படியேறியதும்.

அறிக்கையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாயால் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மெஷின் பழுதாப்போனால்?"

"திருத்தலாம்."

"கரண்ட் நிண்டால்?"

"ஜெனரேற்றர் பிடிக்கலாம். கணக்கில போட்டிருக்கு."

"முட்டை கூழாப்போனால்?"

"அதுவும் போட்டிருக்கு."

"கோழிக்கு வருத்தம் வந்தால்? சனம் வாங்காட்டில்? பக்கத்து ஒழுங்கையில இன்னொருத்தன் துவங்கினால்?" ஒவ்வொன்றாகக் கேட்டார். வங்கித் தலைமையகத்தில்கூட அவ்வளவு நுணுக்கமாக ஒருவரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி மனேச்சர். நாளைக்கு நாலுபேர் என்னட்டைக் கேப்பினம், உம்மடை மருமேன் என்ன செய்யிறார் எண்டு. கோழி செய்யிற வேலையை அவர் செய்யிறார் எண்டு சொல்லுறதோ?"

குகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலர்தான் எழுந்தாள்.

"அப்ப சரி மாமா. அவர் போகட்டும். கப்பல்காரனுக்குப் பேர் குடுத்திட்டுத்தான் வந்திருக்கிறார்."

மாமாவின் முகத்தில் விளக்குப் போட்டது போலிருந்தது. "உதை முதலே சொல்லுறதுக்கு என்ன? கோழிக்கதை கதைச்சுக்கொண்டு. இரு பிள்ளை, இரு. எவ்வளவு கேக்கிறான்?"

குகன் என்னைப் பார்த்தான். பிறகு என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த தொகையைச் சொன்னான். கப்பல்காரன் கேட்டதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

கப்பல் பழுதாகினால் என்று மாமா கேட்கவில்லை. கடல் எழும்பினால், நடுவில் பிடித்தால், திருப்பி அனுப்பினால், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் வந்து, அரைவாசியை மேசையில் வைத்தார். மிச்சத்தை ஒழுங்கையில் இருக்கும் சொந்தக்காரரிடம் தானே சொல்லிப் புரட்டித் தருவதாகச் சொன்னார். சொன்னபடியே இரண்டு நாளில் வந்தது. ஒரு சின்னம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தா. ஒருத்தர் தேர்த்திருவிழா உபயத்துக்கு எடுத்து வைத்ததைத் தந்தார். பிணை இல்லை, கையெழுத்து இல்லை. "போய் நல்லா இரு மோனை, ஆறுதலாத் தா" என்ற ஒரு வாக்கியம்தான்.

அன்று பின்னேரம் குகன் வீட்டில் நாங்கள் மூவரும் அந்தக் காசைச் சுற்றி இருந்தோம்.

"ஐயா," என்றாள் மலர், "கடனுக்கு நோக்கம் எண்டு ஒண்டு எழுதவேணும் எண்டு சொன்னனீங்கள். இந்தக் காசுக்கு எங்கையும் எழுதியிருக்கோ?"

"எழுதேல்லை."

"அப்ப சரி."

வங்கியில் இதற்கு நோக்கம் மாற்றிய பாவனை என்று பெயர். தண்ணீர்ப் பம்புக்குக் கடன் எடுத்து மகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தவர்களுக்கு நான் எழுதிய எச்சரிக்கைக் கடிதங்களைச் சேர்த்தால் ஒரு அலுமாரி போதாது. அன்று நான் எழுந்து, "கவனமாச் செய்யுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், புட்டும் மாம்பழமும் சாப்பிட்டுப் படுத்தேன். நன்றாக நித்திரை வந்தது.

குஞ்சு பொரிக்க மூன்று கிழமை. மலரின் கணக்கு இதுதான்: அதற்குள் விசயம் தெரிந்தால் எல்லோரும் காசைத் திருப்பிக் கேட்பார்கள், இயந்திரத்தைத் திருப்பினால் விற்றவன் பாதிக்காசும் தரமாட்டான், பிறகு கடனை அடைக்கக் குகன் உண்மையிலேயே கப்பலேற வேண்டியதுதான். குஞ்சு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கொஞ்சம் ஏசுவார்கள், அவ்வளவுதான். ஆகவே அதுவரை குகன் கண்ணில் படக்கூடாது.

மறைப்பது அப்படியொன்றும் கடினமாக இருக்கவில்லை. அந்த நாட்களில் கப்பலுக்குப் போகிறவர் யாருக்கும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருநாள் விடிய ஆள் இருக்கமாட்டார், ஊர் விளங்கிக்கொள்ளும். குகன் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. மிச்சத்தை ஊரே செய்தது. அன்று பின்னேரமே தெருமுனைக் கடையில் ஒருவர், குகன் கப்பல் புறப்படும் நீர்கொழும்புக்கு வான் ஏறியதைத் தன் மச்சான் கண்ணால் கண்டதாகச் சொன்னார். இயந்திரம் லொறியில் பெரிய பெட்டியாக வந்தபோது ஒழுங்கைப் பெண்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டி என்று முடிவு செய்தார்கள். "பார், போகமுதலே வீட்டில வசதி வந்திட்டுது" என்று சின்னம்மா என் மனைவியிடம் பெருமூச்சு விட்டா.

மலர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் எங்கே என்று கேட்டால், "இப்ப வெளியில கதைக்கேலாத இடத்தில நிக்கிறார்" என்பாள். சாப்பிடுகிறாரா என்று கேட்டால், "நேரத்துக்குக் கிடைக்குதில்லைத்தான்" என்பாள். பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை; அவர்கள் தூங்கும் நேரத்திலும் விளையாடப் போன நேரத்திலும்தான் அவனுக்குச் சோறு. அறை யன்னலைக் கறுத்தச் சீலையால் மூடியிருந்தது. குகன் வேளைக்கு வேளை முட்டைகளைத் திருப்பிக்கொண்டு, சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டு, தாடி வளர்த்துக்கொண்டு உள்ளே இருந்தான்.

பிழையாகிப் போனது ஒரு இடத்தில்தான். மாமா உண்மையிலேயே பயந்துவிட்டார்.

இரண்டாம் கிழமை வங்கக்கடலில் தாழமுக்கம் என்று அறிவித்தார்கள். அடுத்த நாள் மாமா மேல்மாடி விறாந்தையில் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும், "மனேச்சர், உமக்குப் படிப்பிருக்கு. உந்தக் காத்து எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். மனேச்சர் என்ற சொல்லில் அன்று பகிடி இல்லை. காற்று கரை கடந்துவிடும் என்று சொன்னேன். "கடந்தால் சரி. நான் அவனுக்குக் காசு குடுத்திருக்கக்கூடாது. ஒரு தகப்பன் குடுப்பானோ?" என்றார். பிறகு இரண்டு நாள் அவர் வீட்டில் அடுப்பெரியவில்லை என்று கேள்விப்பட்டேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் புட்டும் மாம்பழமும் இறங்கவில்லை. மலரிடம் போய்ச் சொன்னேன். அவள் அழுதாள். "இன்னும் ஒரு கிழமைதான் ஐயா" என்றாள்.

குஞ்சு வெளியே வரத்தொடங்கிய நாள் காலை குகன் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தான். முட்டைகளில் வெடிப்பு ஓடியிருந்தது. உள்ளிருந்து கொத்தும் சத்தம், பிறகு ஒரு கீச், பிறகு நாலைந்து. அறை முழுக்க அந்த மணம். குகன் ஒரு ஈரக்குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்போது முன்பக்கம் மாமாவின் குரல் கேட்டது. மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி நேர்த்தி வைத்துவிட்டு, பிரசாதத்தோடு மலரைப் பார்க்க வந்திருக்கிறார். மலர் குசினியிலிருந்து ஓடி வருவதற்குள் கீச்சுச் சத்தம் கேட்டு, அது என்ன என்று பின்பக்கம் வந்துவிட்டார்.

கதவடியில் நின்றார். தாடியைப் பார்த்தார். சாறத்தைப் பார்த்தார். குஞ்சைப் பார்த்தார்.

"எப்ப வந்தனி?"

"நான் போகேல்லை மாமா."

மாமா கோழித்தீன் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கையில் வடைப் பார்சல். குஞ்சுகள்தான் பேசின. "நான் ரேடியோவோட இருந்தனானடா," என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பினார். "மனேச்சருக்குத் தெரியும் போல. பாங்கில இருந்து படிச்சது உதுதான்."

நான் மூன்று கிழமையாகத் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்குமுன் அவர் பார்வை குகனின் கைக்குப் போய்விட்டது.

"உது உயிரோடையோ?" என்று குஞ்சைக் காட்டிக் கேட்டார்.

"ஓம் மாமா. இப்பதான் வந்தது."

கண்ணைச் சால்வையால் துடைத்தார். துடைத்து முடிந்ததும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

"சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுவம் மாமா" என்றான் குகன்.

"உனக்கு விசரோ? என்ரை மருமேன் கடலில எண்டு நான் கோயிலிலை சொல்லி அருச்சினை செய்திருக்கிறன். இப்ப கோழிக்கூட்டில எண்டு சொல்லுறதோ?" யோசித்தார். இரும்புக்கடைக்காரர், கையிலுள்ள சரக்கை எப்படியும் தள்ளிவிடுவார். "நீ பிடிபட்டாய்" என்றார்.

"என்ன மாமா?"

"நடுக்கடலில வைச்சு நேவி பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டான். நாளைக்கு விடியமுதல் பஸ் எடுத்து வவுனியா மட்டும் போ. மத்தியானம் ஓட்டோவில வந்து இறங்கு. தாடியை எடுத்துப்போடாதை. முகத்தை எப்பன் தொங்கப்போட்டுக்கொண்டு வா."

மலர் அவர் கையிலிருந்த பார்சலை எடுத்தாள். "வடையைத் தாங்கோ மாமா. அவர் காலமையும் சாப்பிடேல்லை."

மறுநாள் மத்தியானம் குகன் வந்திறங்கினான். நோயாளியைப் பார்க்க வருவதுபோல் மோல்ட் மாப் பேணிகளும் மாரி பிஸ்கற்றுமாக ஒழுங்கையே திரண்டது. நான் என் வாழ்நாளில் ஒரு தொழில் முயற்சியாளனுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்துப் பார்த்ததில்லை.

"அடிச்சவங்களோ தம்பி?"

"இல்லை."

"சொல்லமாட்டான், பாவம்."

"கடல் எப்பிடி இருந்தது?" என்று சின்னம்மா கேட்டா.

"இருட்டு" என்றான் குகன். கறுத்தச் சீலைக்குப் பின்னால் மூன்று கிழமை இருந்தவன், பொய் சொல்லவில்லை.

காசைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. திரும்பி வந்தவனிடம் எப்படிக் கேட்பது? போகமுதலே கையிலிருந்த மிச்சச்சொச்சத்தில் இயந்திரம் வாங்கியிருக்கிறான், அவன் இல்லாதபோது மலர் தொடங்கிவிட்டாள் என்று மாமாவே கதையைக் கட்டி முடித்தார். முதல் குஞ்சுகளை ஊர் இரக்கத்தில் வாங்கியது. "பாவம், ரண்டு காசு பாக்கட்டும்" என்று, கோழிக்கூடே இல்லாதவர்களும் வாங்கினார்கள். இரண்டாவது முறை குஞ்சு நன்றாக இருந்ததால் வாங்கினார்கள்.

இதிலே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் கடன் பகுதியில் இருந்தவன் அல்லன். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குச் சுயதொழில் தொடங்க உதவி என்று ஒரு திட்டம் அப்போது வந்திருந்தது. ஒரு உத்தியோகத்தர் படிவத்தோடு தானாகவே குகன் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ஏறாத படியெல்லாம் ஏறித் தேடிய முதலீடு, வீட்டு வாசலில். எல்லாம் பொருந்தியது. திருப்பி அனுப்பியதற்கான பத்திரம் ஒன்றுதான் குறைந்தது. போகாமல் திரும்பி வந்தவர்களுக்கு அதில் ஏற்பாடு இருக்கவில்லை.

கடனை இரண்டு வருடத்துக்குள் குகன் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்து முடித்தான். சின்னம்மாவுக்குத் தோடு மீண்டது. வாங்கியவர்கள் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் இருந்ததையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் காசோடு சொக்கிளேற்றும் சவர்க்காரமும் வரும்; இது வெறும் காசு. மாமா வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "நீ போயிருந்தால் எனக்கு இப்ப ஒரு நல்ல மணிக்கூடு கையில இருந்திருக்கும்" என்றார்.

பிறகு அந்த ஒழுங்கை ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது. கப்பலில் அல்ல, ஒழுங்காக விசா எடுத்து. மகன் கூப்பிட்டு ஒரு குடும்பம். மகளின் பிரசவம் பார்க்கப் போய் ஒரு குடும்பம். பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற வருடத்தில் மூன்று குடும்பம். பிறகு கனடாவுக்குப் பார்வையாளர் விசா தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை வந்தது. மிஞ்சியவர்கள் பார்வையிடப் போய், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதில் கனகசபை மாமாவும் போனார். விமான நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது குகன்தான்.

குஞ்சு வாங்க ஆளில்லாமல் போயிற்று. வளவிருந்தது, கோழி வளர்க்கும் கைகள் இல்லை. வாங்குகிற ஒன்றிரண்டு பேருக்கும் பெரிய கம்பனிக் குஞ்சு மட்டைப் பெட்டியில் மலிவாக வருகிறது. குகன் இயந்திரத்தை நிறுத்திப் போர்வை போட்டு மூடியிருக்கிறான். இப்போது அவனுக்கு வேறு தொழில். பூட்டிய வீடுகளைப் பார்க்கிறான். ஒழுங்கையில் ஏழு வீட்டுத் திறப்புக்கொத்து அவனிடம். முற்றம் கூட்டுகிறான், கிணறு இறைக்கிறான், கறையான் பார்க்கிறான். மாதம் மாதம் காசு வருகிறது. இதற்கு அவன் முதலீடு தேடவில்லை, திட்ட அறிக்கை கேட்கவில்லை. இப்போது வங்கிகள் என் ரெலிபோனுக்கே, உங்கள் கனவுத் தொழிலுக்குக் கடன் தயார் என்று நாளுக்கு நாலு தடவை அனுப்புகின்றன. குகனிடம் காட்டினேன். "நான் கேக்கேக்கை உவங்கள் எங்கை போனவங்கள் ஐயா?" என்று கேட்டுவிட்டு, தும்புத்தடியை எடுத்துக்கொண்டு முற்றம் கூட்டப் போனான்.

பின்னேரங்களில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து மாமா ரெலிபோன் எடுப்பார். அங்கே அப்போது காலை. குகன் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் நடப்பான்.

"மோனை, போட்டிக்கோ லைற்றைப் போட்டனியோ?"

"போட்டிட்டன் மாமா."

"மேல்வீட்டிலையும் போடு. மற்ற வீடுகளிலையும் போட்டுவிடு. ஆள் இருக்கிற மாதிரித் தெரியவேணும்."

குகன் ஒவ்வொரு படலையாகத் திறந்து போவான். சுவிச்சுச் சத்தம் கேட்கும். ஆறரை மணிக்கு ஒழுங்கை முழுக்க வெளிச்சம். வீதியால் போகிற எவருக்கும் இது நிறைந்த ஊர் என்றுதான் தோன்றும். அவர்களில் ஒருவர் நின்று, அவசரமாய்க் கொஞ்சம் காசு புரட்ட வேண்டியிருக்கிறது, எந்தப் படலையைத் தட்டலாம் என்று என்னைக் கேட்டால், காட்டுவதற்கு அந்த வெளிச்சத்தில் ஒரு வீடும் இல்லை.